திருப்பிப் போட்ட பை

"பையப் பாத்தியாடி? உள்பக்கத்த வெளிய திருப்பிப் போட்டுக்கினு வராங்க" என்றாள் சரோஜா. "அதுல இன்னா எழுதிக்கீதுன்னு நம்ம கண்ணுல படக் கூடாதாம். நல்லது செய்யறவன் எவனாவது பேர மறைப்பானா?"

அம்சவல்லி குனிந்து உரித்துக்கொண்டிருந்தாள். மடியில் முறம், முறம் நிறையப் பூண்டு. கம்பெனி கேன்டீனுக்குச் சப்ளை எடுத்திருக்கிறவன் காலையில் மூட்டையை இறக்கிவிட்டுப் போவான், பொழுது சாய்வதற்குள் உரித்துத் தர வேண்டும். தண்ணீரில் ஊறப் போட்டால் தோல் சுளுவாக வரும். ஆனால் மறுநாளே பூண்டு கொழகொழத்துவிடும், கேன்டீன்காரன் மூட்டையோடு திருப்பி அனுப்பிவிடுவான். அதனால் காய்ந்த பூண்டை நகத்தால் கீறித்தான் உரிக்க வேண்டும். நகக்கண்ணெல்லாம் மிளகாய் அரைத்தது போல எரியும். அந்தக் கையால் குளிக்கும்போது முகத்தைக்கூடத் தொட முடியாது.

காலையில்தான் மழை விட்டிருந்தது. தெரு முழுக்கச் சேறு. ஒரகடம் மெயின் ரோட்டுப் பக்கம் போகிற கம்பெனி பஸ்கள் அதை இரண்டு பக்கமும் வாரி இறைத்துக்கொண்டு போயின. அந்தச் சேற்றில் கால் வைத்து வந்துகொண்டிருந்தார்கள் அந்த இரண்டு பேரும். முன்னால் சவரியப்பன், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனவர். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். பின்னால் ஞானம்மா. ஏதோ ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். கக்கூஸ் கழுவுகிற வேலைக்கு இப்போது அதுதான் பேர். நெற்றியில் பொட்டு, தலையில் மல்லிச் சரம்.

"சர்ச்காரி பொட்டு வெச்சிக்கினு கீறா பாரு" என்று சரோஜா குரலைத் தாழ்த்தினாள். "நம்மள மாரி வேஷம் கட்டிக்கினு வந்தாதான் கதவத் தொறப்போம்னு சொல்லி அனுப்பிக்கிறாங்க. மொதல்ல அரிசி வரும். அப்பால சுவத்துல மாட்ட ஒரு படம் வரும். அதுக்கப்பால ஞாயித்துக்கிழமையான உன்னய ஏத்திக்கினு போவ வேன் வரும். பாத்துக்கினே இரு."

சரோஜா ஓரகத்தி. புருஷனின் அண்ணன் பெண்டாட்டி. ஒரே மனையை நடுவில் சுவர் வைத்து இரண்டு வீடாக்கிக்கொண்டவர்கள். அம்சவல்லியின் புருஷன் கன்னியப்பனுக்குக் கை போனதிலிருந்து சரோஜா வீட்டுக் குழம்பு ஒரு நாளும் சுவரைத் தாண்டி வந்ததில்லை. பேச்சு மட்டும் தாண்டும்.

அம்சவல்லிக்குப் படத்தைப் பற்றியோ வேனைப் பற்றியோ பயமில்லை. அவள் பயம் வேறு.

கன்னியப்பன், இரும்புத் தகடு அமுக்குகிற ஒரு பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட் ஆள். தகட்டை வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே மாட்டாது, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் ஒரு பட்டனை அமுக்கி டேப் போட்டு ஒட்டிவிட்டால் ஒரு கையாலேயே ஓட்டலாம். இன்னொரு கை தகட்டை எடுக்கும், வைக்கும், பீஸும் நிறைய வரும். டேப் ஒட்டச் சொன்னவன் கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் வேல்ராஜ். வலது கை மணிக்கட்டோடு நசுங்கி, கன்னியப்பனைத் தூக்கிக்கொண்டு ஓடிய களேபரத்தில், அந்த டேப்பைக் கிழித்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டவனும் அவன்தான். அதைப் பார்த்தவன் ஒரே ஒருத்தன்: பக்கத்து மிஷினில் இருந்த மாரிசெல்வம், தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். "எங்க வேணும்னாலும் வந்து சொல்லுதேன்க்கா" என்று ஆஸ்பத்திரியிலேயே அம்சவல்லியிடம் சொல்லியிருந்தான்.

வேல்ராஜ் கேட்டது வேறு. பைக்கில் விழுந்து கை போனதாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் கொஞ்சம் பணம் தருவான். போடாவிட்டால் அதுவும் இல்லை. அம்சவல்லி போட விடவில்லை. நஷ்டஈடு வாங்கினால்தான் மகள் மதிவதனியைப் பன்னிரண்டாவதற்கு மேல் படிக்க வைக்க முடியும். இல்லாவிட்டால் அவளும் ஏதாவது ஒரு கம்பெனி பஸ்ஸில் ஏற வேண்டியதுதான்.

இப்படி இருக்கையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த இரண்டு பேர் வந்து நின்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. கையில் அரிசிப் பை. அன்றைக்கே கேட்டாள், "எங்களப் பத்தி யாரு சொன்னது?" "அத மட்டும் கேக்காதம்மா, நாங்க சொல்றதில்ல" என்று சவரியப்பன் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அம்சவல்லியின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது. சொல்ல முடியாத ஆள் யாராக இருப்பான்? வேல்ராஜைத் தவிர?

"வாங்க, குந்துங்க" என்றாள் இப்போது.

பாயை விரிக்குமுன் இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஞானம்மா பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, கேட்காமலே முறத்திலிருந்து ஒரு கை பூண்டை அள்ளித் தன் மடியில் போட்டுக்கொண்டு உரிக்க ஆரம்பித்தாள்.

"நீங்க எதுக்குங்க?"

"சும்மா குந்திக்கினு பேசுனா எனக்குப் பேச்சு வராதும்மா. இந்த வாரம் எப்டிப் போச்சி? தம்பிக்கு வலி கொறஞ்சிதா?"

"உள்ள படுத்துக்கிறாரு. தூங்கறாரு. காபி போடவா?"

"வாணாம்மா" என்றார்கள் இருவரும் ஒரே வாயில்.

எப்போதும் இதேதான். ஒரு வாய் தண்ணீர்கூட வாங்குவதில்லை. நம் வீட்டில் தம்ளர் தர மாட்டார்கள் என்று நினைத்து முந்திக்கொள்கிறார்களா, அல்லது குடித்துவிட்டால் துரோகம் செய்ய வாய் கூசும் என்றா? அம்சவல்லி இரண்டையும் நினைத்துப் பார்த்தாள். இரண்டும் பிடிக்கவில்லை.

"ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே? இந்த அரிசி யாரு காசு?"

"எங்க கோயில் சபை காசுதான்" என்றாள் ஞானம்மா. "வாரா வாரம் கூடுவோம். ஒரு துணிப் பை சுத்தி வரும். எல்லாரும் கைய உள்ள வுடணும். இருக்கறவன் போடுவான், இல்லாதவன் வெறுங்கைய வுட்டு எடுப்பான். எவன் இன்னா போட்டான்னு பக்கத்துல குந்திக்கினு இருக்கறவனுக்கே தெரியாது. நான்கூட பல வாரம் வெறுங்கையதான் வுட்டுக்கிறேன்."

"அப்போ இது யாரு காசுன்னு உங்களுக்கே தெரியாது."

"தெரியாது."

"எங்களக் கெடுத்தவன் காசாக்கூட இருக்கலாம்."

ஞானம்மாவின் கை நின்றது. சவரியப்பன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருக்கலாம்மா" என்றார். "பைக்குக் கண்ணு கெடையாதே."

இவ்வளவு நேராக ஒத்துக்கொள்கிறவன் கெட்டிக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்று அம்சவல்லிக்குப் பட்டது. ஒரு வாரமாக மனதில் வைத்திருந்ததை அவிழ்த்தாள்.

"யாருகிட்டயும் சொல்லாதீங்க. புதன்கிழமை காஞ்சிபுரம் போறோம். லேபர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடப் போறோம்."

பச்சைப் பொய். புதனுமில்லை, காஞ்சிபுரமுமில்லை. பஸ்ஸுக்கே காசில்லை. இந்த இரண்டு காதில் மட்டும் போட்டு வைப்போம், எங்கே போய் முளைக்கிறது பார்ப்போம் என்ற கணக்கு.

"நல்லது" என்றார் சவரியப்பன். "தொணைக்கு ஆள் வேணும்னா சொல்லு."

"சாட்சிக்கு யாராவது கீறாங்களா?" என்றாள் ஞானம்மா, பூண்டுத் தோலை ஊதியபடி.

அம்சவல்லி முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "யாருமில்ல" என்றாள். "யாரும் பாக்கல."

செவ்வாய்க்கிழமை அது முளைத்தது.

வேல்ராஜின் பைக் வாசலில் வந்து நின்றபோது அவள் மிளகு ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசினான்.

"இன்னாக்கா, நாளைக்குக் காஞ்சிபுரமாமே? பட்டுப் பொடவையா எடுக்கப் போற?"

புளிக் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "யாரு சொன்னது?"

"காத்து சொல்லுச்சி. செம்பரம்பாக்கம் ஏரில தண்ணி தொறக்கப் போறாங்கன்னா முன்னாடியே எல்லாருக்கும் தெரிஞ்சிடுது இல்ல, அந்த மாரி." வாங்கி வந்திருந்த ஆப்பிள் கவரை ஜன்னலில் மாட்டினான். "கன்னியப்பண்ணன் என் ஆளு. வுட்டுட மாட்டேன். நீ குறுக்க நிக்காம இருந்தா போதும்."

அவன் போனதும் ஆப்பிளைத் தெருவில் எறிந்தாள். சேற்றில் உருண்டதை சரோஜாவின் ஆடு தின்றது.

அடுத்த ஞாயிறு அவர்கள் வந்தபோது அம்சவல்லி வாசலிலேயே நின்றாள். உள்ளே விடவில்லை.

"வாங்க. இன்னிக்கு அரிசியா, இல்ல வேல்ராஜ் ஏதாவது சொல்லி அனுப்பிக்கிறானா?"

"யாரும்மா வேல்ராஜ்?" என்றார் சவரியப்பன்.

"நடிக்காதீங்க பெரியவரே. காஞ்சிபுரம் போறேன்னு உங்க ரெண்டு பேர்கிட்டதான் சொன்னேன். வேற ஒரு காது கெடையாது. ரெண்டே நாள்ல அவன் வாசல்ல வந்து நிக்கிறான். பூண்டு உரிச்சிக் குடுத்து வாயப் புடுங்கறீங்களா? சாட்சி கீதான்னு கேக்கறியே, உனக்கு எதுக்கு அது? ஏழ வூட்ல வந்து குந்தி ஏழ வாயாலயே அவ வூட்டுக்குக் கொள்ளி வெக்கப் பாக்கறீங்களே, உங்க சாமி இத ஒத்துக்குமா?"

தெருவில் இரண்டு மூன்று கதவு திறந்தது. ஞானம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று. பதில் சொல்ல வாயெடுத்தவளைச் சவரியப்பன் கையமர்த்தினார்.

"நாங்க யாருகிட்டயும் சொல்லலம்மா" என்றார். அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். போகும்போதும் பை உள்பக்கம் வெளியேதான் இருந்தது.

சரோஜா சுவர்மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெச்சுவாள் என்று அம்சவல்லி எதிர்பார்த்தாள்.

"ஏண்டி தொரத்துன?" என்றாள் சரோஜா. முகத்தில் கோபம். "அரிசி இன்னா பாவம் பண்ணுச்சி? பொண்ணு இன்னாத்தத் துன்னும்?"

"நீதானக்கா வேன் வரும் வேன் வரும்னு சொல்லிக்கினு இருந்த?"

"சொன்னா? பேச்சு பேச்சோட போவணும். பெரிய மனுசனத் தெருவுல நிக்க வெச்சி..." மேலே சொல்லாமல் விறுக்கென்று உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம். மதிவதனி பள்ளிக்கூடம் போயிருந்தாள். அம்சவல்லி பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருக்க, வீட்டுக்குள் போன் அடித்தது. கன்னியப்பன் எடுத்தான். இடது கைக்குப் போன் இன்னும் பழகவில்லை. கட்டைவிரல் எங்கோ பட்டு ஸ்பீக்கர் போட்டுக்கொண்டது. வீடு முழுக்க வேல்ராஜின் குரல்.

"...அண்ணே, அந்த சர்ச்காரங்க வராங்களா இன்னும்? வந்தா இன்னா பேசறாங்கன்னு சொல்லு. போன தடவ காஞ்சிபுரம் சமாசாரத்த சொன்னியே, அது மாரி. மாரிசெல்வத்த போன வாரமே அனுப்பிச்சிட்டேன். அவன் பேர நீ சொன்னது நல்லதாப் போச்சி. கேட்டுல வேல உனக்குத்தான், அந்தப் பேப்பர்ல..."

கன்னியப்பன் பதறிப்போய்ப் போனைத் தலையணைக்கு அடியில் வைத்து அமுக்கினான். தலையணைக்குள்ளிருந்தும் வேல்ராஜ் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுவிட்டு லைனை வைத்தான்.

அம்சவல்லி ஈரக் கையோடு பின்வாசற்படியில் நின்றாள்.

அன்றைக்கு உள்ளே படுத்திருந்தவன் தூங்கவில்லை. அவள் எல்லார் காதையும் கணக்கில் வைத்தாள், வீட்டுக்காரன் காதை மட்டும் வைக்கவில்லை.

"இன்னாய்யா பண்ணி வெச்ச?" என்றாள். "அந்தப் புள்ள பேர எதுக்குய்யா சொன்ன?"

"கேட்டான். யாரு தைரியத்துல உன் சம்சாரம் துள்ளுதுன்னு கேட்டான். வாயில வந்துடுச்சி." அவன் சுவரைப் பார்த்துப் பேசினான். "செக்யூரிட்டி வேல அம்சா. ஒத்தக் கையால கேட்டத் தொறக்கலாம், மூடலாம். சல்யூட் அடிக்கத்தான் வலது கை வேணும், அத வாணாம்னுட்டான். நீ பூண்டு உரிச்சி உரிச்சி சோறு போடற. நான் ஒரு பல்லு உரிக்க முடியல. பல்லால கடிச்சிப் பாத்தேன், நீ இல்லாதப்ப. வாய் வெந்துபோச்சி."

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"இன்னும் இல்ல. எடது கையால வரலன்னு சொல்லிக்கினு கீறேன்."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி நடந்தாள்.

ஏரிக்கரை ஓரத்து வரிசை ரூம்களில் கடைசி ரூம் மாரிசெல்வத்தினுடையது. மற்றப் பையன்கள் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். தரையெல்லாம் மழை ஓதம். அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தான்.

"வாங்கக்கா. இங்கன உக்காருங்க, அங்கன ஒழுகும். அண்ணனுக்கு எப்படி இருக்கு?"

"வேலைய வுட்டு எடுத்துட்டாங்களாமே உன்ன?"

"ஆமாக்கா. கேட்டுலயே கார்டப் புடுங்கிட்டு அனுப்பிட்டான். என் பேரு எப்படி வெளிய போச்சுன்னுதான் தெரியல."

அவளுக்குத் தெரியும். "சாப்ட்டியா?" என்றாள்.

"இப்பதான் சாப்பிட்டேன்க்கா. வயிறு நெறஞ்சு கெடக்கு."

அடுப்பு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒரு தட்டு மட்டும் சுவரில் சாத்தி, தூசி படிந்து கிடந்தது. இதே வார்த்தையை, இதே சிரிப்போடு, ஞானம்மாவிடம் முதல் ஞாயிற்றுக்கிழமை தான் சொன்னது அம்சவல்லிக்கு ஞாபகம் வந்தது. அப்போது ஞானம்மா அடுப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்சவல்லியும் பார்வையை எடுத்துக்கொண்டாள்.

"ஊருக்குப் போயிடுவியாப்பா?"

"வேற எங்கயும் எடுக்க மாட்டேங்காங்க. அவன் எல்லா கான்ட்ராக்ட்காரனுக்கும் போன் போட்டுட்டான். மத்த பயலுவ எத்தன நாளு எனக்கும் சேத்துச் சோறு வடிப்பானுவ? போயிட்டாலும் கேஸுன்னா கூப்பிடுங்க, வாரேன்க்கா" என்றான். அவ்வளவு தூரத்திலிருந்து அவன் திரும்பி வரப்போவதில்லை என்று அவளுக்கும் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது. அவன் போனால் டேப்பைப் பார்த்த கண் போய்விடும். பிறகு பைக்கில் விழுந்த கதைதான்.

வீட்டுக்கு வந்து பார்த்தாள். அரிசி டப்பாவின் அடியைச் சுரண்டினால் அவர்கள் மூன்று பேருக்கே போதாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இனி யார் வரப் போகிறார்கள் என்று அவள் பூண்டில் குனிந்திருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது. சவரியப்பனும் ஞானம்மாவும். கையில் எதுவுமில்லை.

"பை எங்க?" என்றாள் அம்சவல்லி. வாயில் முதலில் வந்தது அதுதான்.

"நீ வாணாம்னியே" என்றார் சவரியப்பன்.

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

"பாக்கத்தான். அரிசி குடுக்கறதுக்காக வர்றதில்லம்மா நாங்க. வர்றப்ப அரிசியும் எடுத்துக்கினு வருவோம். உள்ள வரலாமா, இப்டியே நிக்கலாமா?"

அவள் நகர்ந்து வழிவிட்டாள். ஞானம்மா உட்கார்ந்தாள். இந்தத் தடவை பூண்டில் கை வைக்கவில்லை. அம்சவல்லி முறத்தை அவள் பக்கம் தள்ளினாள்.

"உரி" என்றாள். "அன்னிக்குச் சொன்னது நீங்க இல்ல. வூட்லயே சொல்லிட்டாங்க."

உள்ளே கன்னியப்பன் இருமினான். இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. யாரென்றும் கேட்கவில்லை.

அம்சவல்லி எழுந்து போய் டீ போட்டாள். பாலில்லாத டீ, இஞ்சி தட்டிப் போட்டு. இரண்டு தம்ளரில் கொண்டுவந்து வைத்தாள்.

"வாணாம்மா..."

"குடிக்கணும். குடிச்சாதான் ஒரு விஷயம் சொல்லுவேன். எங்க வூட்டுத் தண்ணி உள்ள எறங்காதவங்களுக்கு என் வாயால ஒண்ணும் கெடையாது."

"இருக்கறதுல எங்களுக்கு வேற பங்கு வெக்கணுமான்னுதான் வாங்கறதில்ல" என்றாள் ஞானம்மா. சவரியப்பனைப் பார்த்தாள். அவர் தம்ளரை எடுத்தார். சர்க்கரை இல்லை என்று தெரிந்தும் முகம் காட்டாமல் கடைசிவரை குடித்தார். அம்சவல்லி அந்தத் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏரிக்கரை ரூமுங்கள்ல கடைசி ரூம்" என்றாள். "மாரிசெல்வம்னு ஒரு புள்ள. சாப்ட்டேன்னு சொல்லும், நம்பாதீங்க. எங்களாலதான் வேல போச்சி. அது ஊருக்குப் போவாம இங்க இருந்தாத்தான் எங்க கேஸுக்கு உசுரு." இந்தப் பெயரைத்தான் இத்தனை நாளும் இவர்களுக்கு எட்டாமல் பொத்தி வைத்திருந்தாள். "வேற யாரு காதுக்காவது போச்சின்னா..."

"போவாது" என்றாள் ஞானம்மா.

"கடைசியா ஒண்ணு. எங்களப் பத்தி யாரு சொன்னது? இப்பவாவது சொல்லுங்க."

ஞானம்மா உரித்த பல்லைத் தட்டில் போட்டாள். "நாளைக்கு அந்தத் தம்பி எங்கள அதே கேள்வி கேக்கும். உன் பேரச் சொல்லட்டுமா?"

அம்சவல்லி நினைத்துப் பார்த்தாள். அவன் முகம். அவன் பெயர் வெளியே போன வழி. அவன் ரூம் வாசலில் தன் பெயர் அரிசியோடு போய் நிற்பது.

"வாணாம்" என்றாள்.

"அப்போ அதையும் கேக்காத."

சுவருக்கு அந்தப் பக்கம் சரோஜா ஆட்டை அதட்டுகிற சத்தம் கேட்டது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்க. அம்சவல்லி ஒரு நொடி அந்தச் சுவரையே பார்த்தாள்.

அவர்கள் எழுந்தார்கள். அம்சவல்லியும் முறத்தை வைத்துவிட்டுத் தெருமுனை வரை பின்னாலேயே போனாள். அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. முனையில் இடது பக்கம் போனால் மெயின் ரோடு, வேல்ராஜின் ஆபீஸ். வலது பக்கம் போனால் ஏரிக்கரை. மூலையில் மளிகைக் கடை.

கடை வாசலில் நின்றார்கள். சவரியப்பன் இடுப்பில் செருகியிருந்த மடித்த பையை எடுத்து உதறினார். நீல எழுத்தில் கோயில் பேர் ஒரு நொடி வெயிலில் தெரிந்தது. உள்ளே கைவிட்டு அடிமுனையைப் பிடித்து இழுத்து, பேர் உள்ளே போகும்படி பையைத் திருப்பினார். கடைக்காரன் அரிசியைக் கொட்டினான். ஞானம்மா பையின் ஒரு காதைப் பிடித்துக்கொள்ள, இன்னொரு காதை அவர் பிடித்துக்கொண்டார்.

வலது பக்கம் திரும்பினார்கள்.

அப்படியும் அம்சவல்லி உடனே வீட்டுக்குத் திரும்பவில்லை. முந்தானையில் ஒட்டியிருந்த பூண்டுத் தோலை ஊதிவிட்டபடி, அவர்கள் வந்த வழியே திரும்பி வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.